எருமைக்கு மூலம்

கோவில்பட்டியில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தபோது, கரிசல் விவசாயிகள் மழையை முன்கூட்டியே கணிக்கும் குறிகளைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். எறும்பு, தட்டான், மின்னல் எல்லாம் ஒழுங்காக அடங்கிவிட்டன. எருமைதான் அடங்கவில்லை.

'எருமை வடக்கே பார்த்துப் படுத்தால் மூன்றாம் நாள் மழை' என்று ஓர் ஆய்விதழில் படித்து அப்படியே எழுதிக் கொடுத்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியை அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார்.

"இதை முதல்ல சொன்னது யாரு? மூலத்தைப் பிடிச்சிட்டு வா."

கட்டுரையின் அடிக்குறிப்பு ஒரு புத்தகத்தைக் காட்டியது. புத்தகத்தில் மழை மூன்றே மணி நேரத்தில் பெய்தது. அதன் அடிக்குறிப்பு ஒரு பழைய கருத்தரங்கத் தொகுப்பைக் காட்டியது. நாலைந்து பேருக்கு மின்னஞ்சல் போட்டு, கோணலாக ஸ்கேன் செய்த பிரதி ஒன்றை வாங்கினேன். அதில் எருமை கிழக்கே திரும்பியிருந்தது. நான் தேடத் தேட அது புரண்டு படுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எங்கள் கல்லூரி பீரோவிலேயே கிடந்த ஓர் எம்.ஃபில். ஆய்வேட்டில் போய் முட்டிக்கொண்டேன். பின்னிணைப்பில், தகவல் சொன்ன பசுவந்தனை விவசாயியின் பெயரும் தெருவும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பாதி வழியில் அம்மா போன் செய்தாள்.

"எங்கட்டி இருக்க?"

"பசுவந்தனை பஸ்ல. எருமைக்கு மூலம் தேடிப் போறேம்மா!"

பக்கத்து சீட்டு அண்ணாச்சி சட்டென்று திரும்பினார். "எருமைக்கு மூலம்னா மாட்டாஸ்பத்திரிக்குல்லா போவணும்? ரத்தம் போவுதா?"

விளக்கம் சொல்வதற்குள் பின் சீட்டிலிருந்து ஓர் அக்கா துத்தி இலையை அரைத்துக் கொடுக்கச் சொன்னார். ஆராய்ச்சிப் பழக்கத்தில் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அந்த விவசாயி உளுந்தங்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"எருமையா? நான் எருமையே வளத்ததில்ல தாயி."

"ஆனா நீங்க சொன்னதாத்தான் போட்டிருக்கு."

கொஞ்சம் யோசித்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆமா, காலேஜ்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. நாலு குறி சொன்னேன். இன்னொண்ணு சொல்லுங்க, இன்னொண்ணு சொல்லுங்கன்னு உசிர வாங்கிட்டாரு. எனக்கா கொலப்பசி. எதுத்தாப்புல எவன் எருமையோ படுத்துக் கெடந்துச்சு. அதச் சொல்லி அனுப்பிட்டேன்."

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு போனில் கட்டுரைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கையை நீட்டிப் போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"இம்புட்டுப் படிச்சவிய எழுதியிருக்காவ. அப்பம் அதுல ஏதோ இருக்கு தாயி."

"ஐயா, நீங்கதான இப்ப பொய்யின்னு சொன்னீங்க!"

"நான் சொல்லும்போது பொய்தான். பொறவு அவிய ஆராய்ஞ்சிருப்பாவல்லா?"

மறுநாள் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து தம்முடைய பழைய கட்டுரை ஒன்றை எடுத்து நீட்டினார். அதிலும் எருமை படுத்திருந்தது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். அவரே முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குத் தனியா ஒரு அத்தியாயம் எழுது. என் கட்டுரையையும் சேர்த்துக்கோ" என்றார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. தேறிவிட்டேன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கொண்டுபோய்ப் பசுவந்தனையில் அந்த விவசாயியிடம் கொடுத்தேன். அவர் தம் பக்கத்தை நிதானமாக, வாய்விட்டுப் படித்தார். 'பசியின் காரணமாகச் சொன்னது' என்ற வரியை இரண்டு முறை படித்தார். கோபப்படப்போகிறார் என்று பயந்து நின்றேன்.

"எல்லாஞ் சரிதான். போட்டோ எங்க?"

போடவில்லை என்றேன். இரு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனவர், வெள்ளைச் சட்டை மாட்டி, தலைசீவிக்கொண்டு வந்து நின்றார்.