தங்கவேல் அண்ணனின் நாலு டப்பா

தங்கவேல் அண்ணன் இறந்த செய்தி மைசூரு ஹெப்பாள் பஸ் நிறுத்தத்தில் எனக்குக் கிடைத்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய மணி, "முருகேசா, கேன்டீன் அண்ணன் போயிட்டாருப்பா. காலைல நெஞ்சுவலியாம்" என்றான். என் கையில் பாலும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்ட டீ இருந்தது. கடைசி மடக்கு வரை குடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். நல்ல மனிதனாக இருந்தால் டம்ளரைக் கீழே வைத்திருப்பேன்.

நம் தொழிற்சாலை கேன்டீனில் அவர் சூப்பர்வைசர், ஹனூர்க்காரர். குன்னூர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த மச்சான் மூலம் வந்த பச்சை டீத்தூளை நாலு பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருந்தார். தூள் என்றால் கோபம் வரும், "எலைடா அது" என்பார். வாணலியில் வாட்டிய தட்டை இலை கொழுப்பைக் கரைக்கும். ஆவியில் வேகவைத்த ஊசி இலை நெஞ்சுக்கு நல்லது. மிளகு மாதிரி உருட்டியது, வெந்நீரில் விழுந்து மெல்ல விரிவது, பல்லுக்கும் செரிமானத்துக்கும். நாலாவது, மைசூரு மல்லிகையோடு மூடிவைத்து அவரே மணம் ஏற்றியது. அது குமட்டலுக்கும் மனக்கவலைக்கும். இதெல்லாம் அவர் கணக்கு. பாதி உண்மை இருக்கலாம்.

டீ போடும்போது பக்கத்தில் பேசக் கூடாது. தண்ணீர் கொதித்ததும் இறக்கி, நூறு எண்ணிய பிறகுதான் இலையில் ஊற்றுவார். "கொதிக்கக் கொதிக்க ஊத்துனா கசந்து போகும். செத்த எலைய எதுக்குடா ரெண்டாந்தரம் கொல்றீங்க?" என்பார்.

அவர் நாக்கு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். இறந்துவிட்டார் என்பதற்காக அதில் தேன் தடவ மாட்டேன். மணியின் பால் டீயைப் பார்த்து, "அது டீ இல்லடா, பாயசம். ரெண்டு முந்திரி போட்டா உன் கருமாதிக்கே பரிமாறலாம்" என்றவர். ஸ்டோர்ஸ் கெம்பராஜுவை வரிசையில் நிறுத்தி, "உன் வயித்துக்கு டப்பா பத்தாது குரு, மூட்டை வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதே கெம்பராஜுவுக்கு இரண்டு மாதம் தினமும் பதினொரு மணிக்குத் தட்டை இலை டீயை அவரே எடுத்துக்கொண்டு போனார். அதை யாரும் பேசியதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு என் மனைவி மல்லிகா கர்ப்பமாக இருந்தாள். ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எதைத் தின்றாலும் வாந்தி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அண்ணன் மல்லிகை டப்பாவிலிருந்து கட்டிய பொட்டலத்தை நீட்டி, "மாத்திரைய இந்த டீயிலயே முழுங்கு கண்ணு. வாந்தியும் நிக்கும், ரத்தமும் ஊறும்" என்றார். வாந்தி நின்றது. மல்லிகாவுக்கு அவர் தெய்வமாகிவிட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மல்லிகா வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டு, "மாத்ரெ ஜொதெ டீ பேடா. எரடு கண்டெ கேப் இர்லி" என்றார். டீயோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். அவ்வளவுதான் விஷயம். டீயை விடக்கூடச் சொல்லவில்லை.

நான் மல்லிகாவிடம் சொல்லவில்லை. அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. மேனேஜர் அறைக்கு டீ கொண்டு போகும்போதெல்லாம் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தவர் அண்ணன். ஞாயிறுதோறும் வந்து, "மாத்திரைய டீயில போட்டியா கண்ணு?" என்று கேட்பார். அவர் சொன்னது தப்பு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு டீதானே, என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

குழந்தை முன்கூட்டியே பிறந்தது. மல்லிகாவுக்கு நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை இரண்டு நாள் இருந்தாள். "மாத்திரை சாப்பிட்டதே இல்லையா?" என்று டாக்டரம்மா கத்தினார். "தினமும் டீயில முழுங்கினேனே" என்றாள் மல்லிகா. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தங்கவேல் அண்ணன்தான் அப்படிக் குடிக்கச் சொன்னாரு" என்றேன். அதற்குள் நர்ஸ் கூப்பிட, டாக்டரம்மா அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டார்.

மறுவாரம் கேன்டீனில், சாப்பாட்டு நேரத்தில், நான் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். நாலு டப்பாவையும் கை கழுவும் தொட்டியில் கொட்டினேன். "எம் புள்ளையக் கொன்னுட்டியேய்யா" என்று கத்தினேன். யாருக்கும் அடங்காத அந்த நாக்கு அன்று கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "டாக்டரம்மா முன்னாடியே ஒண்ணும் சொல்லலையாடா?"

"இல்ல" என்றேன்.

அதன்பிறகு அவருக்குப் 'பச்சை டாக்டர்' என்று பெயர் வைத்தது நீங்கள். அவர் போட்ட டீயை யாரும் தொடவில்லை, கெம்பராஜுகூட. மேனேஜர் ஃபிளாஸ்க்கில் வீட்டுக் காபி கொண்டுவந்தார். அடுத்த மாதமே என் வேலை நிரந்தரமானது. சாவு வீட்டில்தான் தெரிந்தது, அதற்கும் கடைசிவரை மேனேஜரிடம் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அண்ணன்தான் என்று.

அங்கே அவர் மனைவி என்னைப் பார்த்து எழுந்து நின்றார். கை கூப்பினார். "பஸ்ஸுல புள்ளத்தாச்சி யாரக் கண்டாலும், மாத்திரையோட டீ குடிக்காதீங்கம்மான்னு சொல்லிட்டே இருப்பாருங்க. ஏன் இப்படி அலையறீங்கன்னா, முருகேசன் புள்ளைய நாந்தான கொன்னேம்பாரு. மன்னிச்சிருங்க தம்பி" என்றார். தலையை ஆட்டிவிட்டு, மன்னித்தவனைப் போல வெளியே வந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். இதை மணி வாசிக்கும்போது பெண்கள் வரிசையில் மல்லிகா உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் இதுவே முதல்முறை. அவருடைய டப்பா எதுவும் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் நானே கொட்டிவிட்டேன். அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது.

சொன்னாங்கண்ணா. முன்னாடியே சொன்னாங்க. என்கிட்டதான் சொன்னாங்க.