இரும்புக்குப் போடாத கேம் செட்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதை நம்பப் போவதில்லை, தெரியும். ஆனால் என் கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்ல முடியாதே.

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பி காதரும் அவன் கூட்டாளி சலீமும் ராஜபாளையத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார்கள். காதர் காமாலையில் படுத்திருந்த சமயம் சலீம் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். அந்த ஏக்கத்திலேயே தம்பி போய்விட்டான். அடக்கத்துக்கு ஜனாசாவைத் தூக்குமுன், இறந்தவர் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கூடியிருப்பவர்களிடம் கேட்பது எங்கள் வழக்கம். முதல் ஆளாக, "நான் மன்னிச்சிட்டேன்" என்றான் சலீம். பெண்களோடு உள்ளே இருந்த எனக்கும் அது கேட்டது. இவன் யார் என் தம்பியை மன்னிக்க?

பிறகு பழுதான கேம் செட் ஒன்றை எங்கள் வீட்டுக்கு அனுப்பி, பழைய இரும்புக்குப் போடச் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. யாராவது சரிசெய்து பிள்ளைகள் விளையாடட்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கமிருந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குக் கொடுத்தேன். நம்பினால் நம்புங்கள், அங்கே டிவியில் மாட்டியதும் அது ஓடியது. கேள்விப்பட்ட சலீம், "அது கடைச் சாமான்லா, எடுத்துட்டு வாரேன்" என்று கிளம்பினான். விடுவேனா, நானும் பஸ் ஏறினேன்.

மத்தியானம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சலீம் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தான். இரண்டு பேர் ஆடும் சண்டை கேம், ஆனால் ஜாய்ஸ்டிக் ஒன்றுதான் இருந்தது, அதனால் எதிராளி மரம் மாதிரி நிற்க வேண்டும். நிற்கவில்லை. சலீமின் ஆளைப் புரட்டிப் புரட்டி அடித்தான். மறுபடி ஆரம்பித்தால் மறுபடி அடி. சொன்னால் என்ன, எனக்கு இனித்தது. இன்னும் அடி, இன்னும் அடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சலீமுக்கு வியர்த்துவிட்டது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். "ஏலே காதரு, நான் செஞ்சது துரோகந்தாம்ல. மன்னிச்சிரு" என்று திரையைப் பார்த்து அழுதான். எதிராளி அப்படியே நின்றான்.

"அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. செத்த நேரம் கழித்து ஒரே அடி, சலீமின் ஆள் விழுந்தான். சலீம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டான். செட் பிள்ளைகளுக்கே ஆனது.

ஒன்றுதான் புரியவில்லை. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தவனைக் காதர் விளையாட்டில்கூட அடிக்க மாட்டான், அவன் குணம் அப்படி. அந்தக் கடைசி அடி விழுந்தபோது வலித்தது என்னுடைய கட்டைவிரல். இன்றைக்கும் சலீம் பேச்சு வந்தால், அது தானாக எதையோ அழுத்தப் பார்க்கிறது.