காற்று திரும்பாத எட்டு நாட்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "இன்னா டீச்சர், சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை, விரதம் என்றேன். உடனே திரும்பிப் போனார். எல்லாம் கெடத் தொடங்கியது அந்தப் பதிலில்தான்.

விரதம் என் மகனுக்காக. பொங்கல் விடுமுறை என்பதால் மாங்காட்டம்மனுக்கு நேர்ந்துகொண்டு சாயங்காலம் வரை பட்டினி. அவன் அப்போது தெற்கே பனிக்கடலில், ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தான். அந்தக் கடல்களில் வரும் மாதங்களில், வரும் வருஷங்களில் பனி எவ்வளவு இருக்கும், காற்று எப்படி அடிக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது அவன் வேலை. புறப்படும் முன் ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளைக் கூடத்தில் விரித்தான். முழுக்கக் காற்றின் திசை காட்டும் அம்புக்குறிகள்.

"நிலத்துலேர்ந்து காத்து அடிச்சா பனி விலகிடும்மா, கப்பலுக்கு வழி கிடைக்கும். கடல்லேர்ந்து அடிச்சா கரையோட நெருக்கிடும். இந்த மாசம் நிலக்காத்துதான்."

"தப்பாயிடுச்சுன்னா?"

"நீதான் டீச்சராச்சே. செவப்பு மை போடு."

பூந்தமல்லியில் எங்கள் தெருவுக்கே ஒரே தொலைபேசி அக்கா வீட்டில். அவர் கணவர் லேத் பட்டறை வைத்திருந்தார். எங்களுக்கு வரும் அழைப்புகளும் அங்கேதான்.

ஆறு மணிக்கு விளக்கேற்றிச் சாப்பிட்டு முடித்தேன். அக்கா மறுபடி வந்தார். சாப்பிட்டேன் என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

"காலைல உன் புள்ள ஆபீஸ்லேர்ந்து ஃபோன். கடல்காத்து அடிக்குதாம். கப்பல் பனில மாட்டிகினு கீதாம். அவன் போட்ட கணக்க நம்பித்தான் கேப்டன் உள்ள போனாராம், அவன் ஒடஞ்சி பூட்டானாம். நாலு மணிக்குக் கப்பல்லேர்ந்து பேச வெக்கறோம், அம்மாவ வரச் சொல்லுங்கன்னாங்க."

"ஏங்க்கா சொல்லல?"

"வெறும் வயித்துல கீறவங்ககிட்ட கெட்ட சேதி சொல்ல மாட்டேன் டீச்சர். நாலு மணிக்கு நான்தான் எடுத்தேன். அம்மா இல்லியான்னான். ஒனக்காக விரதம் கீதுடான்னேன். வெச்சிட்டான்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பட்டினி கிடந்தது நான். அந்தப் பட்டினிக்கு மரியாதை கொடுத்தது அவர். இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை ஒரு குரலுக்காகக் காத்திருந்து, கிடைக்காமல் போனைக் கீழே வைத்தான்.

பள்ளி திறந்தது. நான் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில், அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் ஆபீஸிலிருந்து அதே பதில்: காற்று திரும்பவில்லை, உங்கள் மகன் அறையை விட்டு வருவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. தாளில் எல்லா அம்புகளும் நிலத்திலிருந்து கடலைப் பார்த்தே இருந்தன. அழகான கையெழுத்தில் தவறான விடை எழுதிய பிள்ளையின் தாளைப் போல. திருத்த மனம் வரவில்லை. இன்றைக்கும் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டால் முதலில் எந்தப் பக்கத்துக் காற்று என்றுதான் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மதியம், குளிக்க வீட்டுக்கு வந்தவள் அப்படியே தட்டில் சோறு போட்டுக்கொண்டேன். கை வைக்கவில்லை. அக்கா செருப்பில்லாமல் தெருவைக் கடந்து ஓடி வந்தார்.

"காத்து திரும்பிட்ச்சாம் டீச்சர். கப்பல் வெளிய வந்துட்ச்சு. உன் புள்ள லைன்ல கீறான், வாயத்தான் தொறக்க மாட்டேன்றான்."

நான் தட்டைப் பார்த்தேன்.

"சாப்ட்டியான்னு அப்பால கேக்கறேன். நீ வந்து பேசு."