பீரோ நிறைய பிட்டு, போட்டுக்கத் துணி இல்லை

“போட்டுக்கினு போக ஒரு துணி இல்ல இந்த வூட்ல.”

பூஞ்சேரி கிருபாகரன் காலையில் பல் துலக்கிவிட்டு வந்ததும் பேசுகிற முதல் பேச்சு இதுதான். பீரோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு நின்று, கோர்ட்டில் வாதாடுகிறவர் மாதிரி சொல்வார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி பிரிசில்லா பதில் கொடுப்பாள்.

“பீரோ கதவு மூட மாட்டேங்குது. இவருக்குத் துணி இல்லியாம்.”

இரண்டு பேரும் சொன்னது உண்மை. பீரோ நிறைந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் பிட்டு, தைக்காத துண்டுத் துணி. நம் பக்கம் கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீடு என்று எதற்குப் போனாலும் வீட்டு ஆம்பளைக்கு ஒரு பேண்ட் பிட்டு, ஒரு சட்டை பிட்டு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தைக்கக் கொடுத்தால் கூலியே கண்ணைக் கட்டும். அதனால் ஒருத்தரும் தைப்பதில்லை. வந்த பெட்டியை அப்படியே அடுத்த விசேஷத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம். பிரிசில்லா தள்ளிவிடவில்லை. அடுக்கி அடுக்கி வைத்தாள். அதனால் பத்து வருஷத்துப் பிட்டு பீரோவுக்குள் கிடந்தது, கிருபாகரன் சாயம்போன சட்டையோடு வெளியே நின்றார்.

அவர் மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். வடநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கி இந்தி நன்றாகவே வரும். முதலாளி வேனை விற்றுவிட்டார். அதற்கப்புறம் ஆக்டிங் டிரைவராக அலைந்தார். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் பீரோ முன்னால் நிற்பது. இப்படி இருந்தவருக்குச் செங்கல்பட்டில் ஒரு கூரியர் ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

வேலை என்னவென்றால், இங்கே சுற்றுவட்டாரத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. வடக்கே எங்காவது ஃபேக்டரியில் ஒரு பாகம் இல்லாமல் மிஷின் நின்றுவிட்டால், லாரியில் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஒரு ஆள் அதை எடுத்துக்கொண்டு விமானத்தில் பறக்க வேண்டும். அந்த ஆள்தான் கிருபாகரன். மேனேஜர் ஷ்யாம், சின்ன வயசுக்காரன், முகத்தில் அடித்த மாதிரி பேசினான்.

“லக்கேஜுல போடற பதினஞ்சு கிலோவும் பாகத்துக்குத்தான் சார். உங்க துணி கையில எடுத்துனு போற பை மட்டும். ஏழு கிலோ. முன்னாடி ஒருத்தர் சூட்கேசோட போனாரு. அவர் பெட்டி வரலன்னு ஏர்போர்ட் பெல்ட்டாண்டயே நின்னுக்கினு இருந்தாரு, அங்க ஃபேக்டரி லைன் நின்னு போச்சி. அவர நிறுத்திட்டோம். புனே போனா புனேயோட திரும்புவீங்கன்னு நினைக்காதீங்க. அங்கேர்ந்து டெல்லி பக்கம் போன்னாலும் போகணும். மொத டிரிப்பு பாத்துட்டுத்தான் உங்கள வச்சிக்கறதா வேணாமான்னு சொல்வோம்.”

இந்த ஒரு பயணம் ஒழுங்காகப் போனால் மாதச் சம்பளம். சொதப்பினால் மறுபடியும் பீரோ கதவு. பிரிசில்லாவுக்கு இது நன்றாகப் புரிந்தது. கிருபாகரனுக்குப் புரியவில்லை. அவர் போய் வேன் காலத்துப் பெரிய பையைத் தூசி தட்டி எடுத்துவந்தார். கிளிப்பச்சைச் சட்டை, சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, கனத்த ஜீன்ஸ், ரெண்டு லுங்கி, அதற்குமேல் ஒரு சில்வர் சொம்பு.

“இன்னாயா, ஊர்வலம் போறியா?” என்றாள் பிரிசில்லா. “வெள்ளையும் சொள்ளையுமா போனா ஏர்போர்ட்ல எவனாவது ஜெபம் பண்ணுங்க ஐயான்னு தலைய நீட்டுவான். நீ ஜெபம் பண்ணிக்கினே நில்லு. பிளேன் போயிடும்.”

“அப்போ இன்னாத்த போட்டுக்கினு போறது? அதான் சொல்றேனே, ஒரு துணி…”

“வாய மூடு. நான் பாத்துக்கறேன்.”

அவள் ஒன்றும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு டிபன் கட்டுகிற மாதிரிதான் யோசித்தாள். எந்தச் சட்டையை எடுத்தாலும் எந்த பேண்டுக்கும் சேர வேண்டும். ராத்திரி லாட்ஜ் பக்கெட்டில் அலசினால் காலையில் காய்ந்திருக்க வேண்டும். விமானத்தில் உட்கார்ந்து எழுந்தால் கந்தல் மாதிரி கசங்கக் கூடாது. கிளிப்பச்சை ஒரே ஒரு பேண்டுக்குத்தான் சேரும், அதனால் அது வீட்டோடு இருக்கட்டும். ஜீன்ஸ் நனைந்தால் காய்வதற்குள் ஈஸ்டர் வந்துவிடும், அதுவும் வேண்டாம்.

பிறகு பிட்டுகளை எல்லாம் கட்டிலில் கொட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டாள். கடற்காற்று ஊரில் துணி லேசில் காயாது. இங்கே காய்ந்தால் எங்கேயும் காயும். மெரூன் கலர் ஈரத்தை விடவேயில்லை. பழுப்பு ஒன்று சாயம் விட்டது. கையில் கசக்கிப் பார்த்து, உதறிப் பார்த்து, கடைசியில் பேண்டுக்கு இரண்டே இரண்டு தேறின. ஒன்று சிமெண்ட் கலர். இன்னொன்று கரு நீலம்.

கரு நீலத்தைக் கையில் எடுத்ததும் அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அது அவள் அண்ணன் ஜெபக்குமார் கொடுத்தது. கல்பாக்கத்தில் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் வீடு, சத்தமான வாய். தன் வீட்டு விசேஷத்தில் பத்துப் பேர் எதிரே அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினான். “சாதா துணி இல்ல மச்சான், ஓரத்துல மில்லு பேரே தங்கக் கலர்ல ஓடுது பாரு. தச்சிப் போடு. அப்பவாவது பாக்க ஒரு ஆபீசர் மாதிரி இருப்ப.” எல்லாரும் சிரித்தார்கள். வேன் போய் வேலையில்லாமல் இருந்த சமயம் அது. கிருபாகரன் சாப்பாட்டை முடிக்காமல் எழுந்தார். “இந்தத் துணி என் மேல ஏறுச்சின்னா என்னப் பேர் சொல்லிக் கூப்புடாத” என்று பிரிசில்லாவிடம் சொன்னார். அன்றைக்கு நின்ற பேச்சு, எட்டு வருஷம் ஆகிறது. அண்ணன் வீட்டுக்கு அவள் தனியாகத்தான் போய் வருவாள்.

அந்தப் பிட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஒரே ஒரு பேண்டோடு ஒருத்தன் ஊர் ஊராகப் போக முடியாது. புதுசு வாங்கலாமென்றால், இந்தத் துணியோடு கடைத் துணி போட்டி போட முடியாது. முறுக்கி உதறினால் மடிப்பே தெரியவில்லை. கடைசியில் இரண்டு பிட்டையும் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் தையற்கடை வைத்திருக்கும் ஜெகதீசனிடம் போனாள்.

“அண்ணாத்த, நீலம் எங்க அண்ணன் குடுத்ததுன்னு அவருக்குத் தெரியக் கூடாது. ரெடிமேடுன்னு சொல்லப் போறேன்.”

“எனக்கு எதுக்குமா வூட்டு வம்பு? அளவு கீது, தச்சித் தரேன்” என்றார் ஜெகதீசன்.

சட்டை மூன்று. வானநீலம், சாம்பல், மெல்லிய கோடு போட்ட வெள்ளை. மூன்றும் இரண்டு பேண்டுக்கும் சேர்ந்தன. ஒரு காலர் பனியன், ஒரு லுங்கி, நைந்த ஈரிழைத் துண்டு. குளிருக்கு ஒரு கையில்லாத ஸ்வெட்டர், சட்டைக்கு உள்ளேயும் போடலாம், மேலேயும் போடலாம். ஷூ காலில் இருப்பது மட்டும். எல்லாவற்றையும் சப்பாத்தி மாதிரி சுருட்டி அடுக்கி, பையைத் தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்தாள். ஐந்து கிலோகூட வரவில்லை.

“இன்னாடி, ஜெயிலுக்கு அனுப்பறியா?” என்றார் கிருபாகரன். சொம்பை எடுத்துப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் கீழே வைத்தார். நீல பேண்டைத் தொட்டு, “இது எப்போ வாங்குன?” என்றார்.

“போன வாரம். ரெடிமேடு.”

சொல்லும்போது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைப் பார்க்கவேண்டிய அவசியம் வரவில்லை.

புனே நல்லபடியாகப் போனது. பெட்டியை ஒப்படைத்துவிட்டார். அங்கேயே நிறுத்தி இன்னொரு பெட்டியைக் கையில் கொடுத்து டெல்லி பக்கம் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை பிரிசில்லா இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

“பிரிசி.”

குரலிலேயே தெரிந்துவிட்டது.

“போய்ச் சேந்துட்டியா? குளிரு எப்டி கீது?”

“பெட்டிலேர்ந்து கிரீசு ஒழுகி சிமெண்ட் பேண்டு நாறிப் போச்சி. அலசிப் போட்டேன், சொட்டச் சொட்ட தொங்குது. நீலத்த எடுத்தேன். பாக்கெட்டுக்குள்ள கைய வுட்டா, உள்பக்கம் தங்கக் கலர்ல எழுத்து ஓடுது.”

பிரிசில்லா அடுப்பை அணைத்தாள். ஜெகதீசன் செய்த வேலை. நல்ல துணி என்று பெருமைப்பட்டு, மில் பேர் ஓடுகிற ஓரத்தை வெட்டி எறியாமல் பாக்கெட் வாய்க்குள் மடித்து வைத்துத் தைத்திருக்கிறார். யார் வீட்டு ரகசியமும் தையற்காரர் பெருமைக்கு முன்னால் நிற்காது.

“இது உங்க அண்ணன் துணிதான?”

“ஆமா.”

“என்ன ஏமாத்திட்ட.”

“ஆமா, ஏமாத்துனேன். கேட்டா நீ உடுவியா?”

“நான் லுங்கியோட போறேன்.”

“போ. ஃபேக்டரி கேட்டாண்ட கீறவன் உன்ன உள்ள வுட்டா எனக்கு போன் பண்ணு.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“யோவ், கேளு. எங்க அண்ணன் பேசுனது தப்பு. அவன நான் அப்பவே கேட்டுக்கினு வந்தேன். ஆனா இன்னைக்கு அந்த மிஷின் உனக்காக நின்னுக்கினு கீது, எங்க அண்ணனுக்காக இல்ல. உன் வைராக்கியத்த இடுப்புல கட்டிக்கினு போவ முடியாது. பேண்டதான் கட்டிக்கினு போணும்.”

போன் வைக்கப்பட்டது. வைத்தது அவர்.

அதற்கப்புறம் அவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. இட்லி ஆறிப்போனது. கொஞ்ச நேரத்தில் ஷ்யாம் கூப்பிட்டான். “அக்கா, சார் போன் எடுக்க மாட்றாரு. ஃபேக்டரிலேர்ந்து கத்தறாங்க. எங்க கீறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“வந்துகினுதான் இருப்பாருப்பா.”

“வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. சொல்லிட்டேன்.”

துணியை ஊறவைத்தாள், துவைக்க மறந்தாள். குழம்புக்கு உப்பு ரெண்டு தரம் போட்டாள். எட்டு வருஷம் பேசாதவர் இன்னும் எட்டு வருஷம் பேசாமல் இருக்கக் கூடியவர் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பிட்டைத் தொட்டதற்குத் தன்னைத் திட்டிக்கொண்டாள். பிறகு, தொடாமல் இருந்திருந்தால் இப்போது அந்த மனுஷன் ஈர பேண்டோடு குளிரில் நின்றிருப்பாரே என்று, அப்படித் திட்டியதற்கும் திட்டிக்கொண்டாள்.

மத்தியானம் தாண்டி போனில் ஒரு படம் வந்தது. ஃபேக்டரிச் சீல் குத்தின டெலிவரித் தாள். எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். பிரிசில்லா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சீலை அல்ல. தாளை எதன் மேல் வைத்துப் படம் எடுத்திருக்கிறார் என்று பார்த்தாள். முழங்கால். கரு நீலம்.

உட்கார்ந்து, ஆறிப்போன இட்லியைத் தின்றாள்.

திரும்பி வந்தவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை நிரந்தரம் என்று ஷ்யாம் சொன்னதைக்கூட அவள் ஷ்யாம் வாயிலிருந்துதான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வெள்ளையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீல பேண்டை மாட்டிக்கொண்டு, பைக்கை எடுத்தார்.

“ஏறு.”

“எங்க?”

“ஏறுன்னா ஏறு.”

பைக் கல்பாக்கம் ரோட்டில் திரும்பியதும் அவள் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவர் எதைச் சொல்லப் போகிறார், அண்ணன் எதைச் சொல்லித் தொலைக்கப் போகிறான்? அண்ணனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

கதவைத் திறந்த ஜெபக்குமார் பேயைப் பார்த்தவன் மாதிரி நின்றான். “வா… வா மச்சான்.”

கிருபாகரன் வாசலைத் தாண்டவில்லை. “பேண்டு எப்டி கீது?”

“நல்லா கீது. எங்க எடுத்த?”

“நீ குடுத்தது” என்று பாக்கெட் வாயைப் பிரித்துக் காட்டினார்.

“நானா? எப்போ?”

பிரிசில்லா தரையைப் பார்த்தாள். அவள் அண்ணி ஜெசிந்தா கரண்டியோடு எட்டிப் பார்த்து, பாக்கெட் ஓரத்தைக் கண்டதும், “ஐயோ, அது எங்க சித்தப்பா வூட்டுக் கல்யாணத்துல வந்த பிட்டுண்ணா” என்றாள். “இவர் தொப்பைக்கு ஜெகதீசன் பத்தாதுன்னுட்டாரு. அதான் உங்களுக்குக் குடுத்துட்டோம்.”

கிருபாகரன் மச்சானின் தொப்பையைப் பார்த்தார். பேண்டைப் பார்த்தார்.

“உன் தொப்பைக்குப் பத்தாததுக்கா நான் எட்டு வருஷம் பட்டினி கெடந்தேன்?” என்றார். “ஜெசிந்தாம்மா, அன்னிக்குப் பாதில எழுந்த சாப்பாடு பாக்கி கீது. போடு.”

இப்போது கிருபாகரன் மாதத்தில் பாதி நாள் விமானத்தில்தான். அந்த ஐந்து கிலோ பை கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தயாராகத் தொங்குகிறது. போன் வந்தால் எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மிச்சப் பிட்டையெல்லாம் பிரிசில்லா கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். பீரோ கதவு சத்தமில்லாமல் மூடுகிறது. அவரும் காலையில் அதன் முன்னால் நின்று, பழக்க தோஷத்தில், “துணி இல்லடி” என்கிறார். இப்போது சொல்வது சரிதான், அவளும் மறுப்பதில்லை.

உங்கள் வீட்டு ஆம்பளை ரெண்டு நாள் ஊருக்கு மூணு மூட்டை கட்டுகிறவராக இருந்தால், அவரைப் பூஞ்சேரிக்கு இழுத்துக்கொண்டு போங்கள். கிருபாகரன் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். பையைத் திறந்து கட்டிலில் கொட்டிக் காட்டுவார், சலித்துக்கொள்ள மாட்டார். பிரிசில்லா காப்பி போட்டுத் தருவாள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தோன்றினால் வாழைப்பழம் வாங்கிப் போங்கள். பேண்ட் பிட்டு மட்டும் கொண்டு போகாதீர்கள்.