குதிரைச் சீரமும் என் மூச்சும்

அன்று லாயத்தில் இருந்தவர்கள்: முதலாளி தவுக்கே, அவருடைய கணக்கெழுதும் கிராணி வேலாயுதம், தலைமைக் குதிரைக்காரர் பாக் சாலே, ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்த லாடக்கார சிங், நான். மனிதர்கள் அவ்வளவுதான். பிறகு ஈவ்னிங் மெயில் என்ற பெண்குதிரையும், அதன் பக்கத்தை விட்டு அகலாத ஒரு வெள்ளாடும். ஆடு இல்லாவிட்டால் மெயில் தீனி எடுக்காது.

இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. பிறகு ஆஸ்பத்திரியில், ஆணி குத்தியதை யார் பார்த்தார்கள் என்று கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

அது மெயிலின் பந்தய லாடங்களைக் கழற்றும் நாள். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது, விலா எலும்பு தெரிய இருமிக்கொண்டிருந்த குதிரை அது. தவுக்கே மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினார். என் கையில் கொடுத்தார். பந்தயத்தில் கடைசித் திருப்பம் வரை பின்னாலேயே வரும். பிறகு வெளிப்பக்கமாக விலகி, முன்னால் போகிற குதிரைகளை ஒவ்வொன்றாகத் தாண்டும். சிங்கப்பூரில் பெரிய கோப்பையை அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கியது. பினாங்கு, ஈப்போ என்று போன இடமெல்லாம் பேர். அப்போது கடலுக்குக் குறுக்கே பாலம் வரவில்லை. சிங்கப்பூருக்குப் படகில்தான் ஏற்றிப் போவோம். படகு ஆடினால் மெயில் நடுங்கும். அதன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, கரை வந்துவிட்டது, கரை வந்துவிட்டது என்று காதருகே சொல்லிக்கொண்டே இருப்பேன். எனக்கும் தண்ணீர் என்றால் பயம். அது குதிரைக்குத் தெரியாது.

முன்காலில் நரம்பு வீங்கியதும் பந்தயத்தை நிறுத்தி, உலு திராமில் இருந்த தன் நிலத்திலேயே குட்டி ஈன வைக்கலாம் என்று தவுக்கே முடிவு செய்தார். இந்தப் புழுக்கத்தில் பந்தயக் குதிரை ஈனுமா என்று மற்ற முதலாளிகள் சிரித்தார்கள்.

லாடம் கழற்றும்போது விழுந்த ஆணிகளைக் குதிரை மிதித்துவிடப் போகிறதே என்று குனிந்து பொறுக்கினேன். ஒன்றை நானே மிதித்தேன். பிடுங்கிப் போட்டு, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துக் கட்டினேன். அதோடு மறந்தும் போனேன்.

மறக்காமல் பார்த்தது மெயிலை. அதன் குளம்பு ஓரத்தில் சிறு கீறல். குதிரைக்கும் ரணஜன்னி (புண் வழியாக மண்ணிலுள்ள விஷம் ஏறித் தசைகளை இறுக்கும் நோய்) வரும் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் அதன் தாடையை அசைத்துப் பார்ப்பேன். கண்ணோரத்துச் சவ்வு வெளியே வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வால் விறைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். நோய் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். காப்பிக்கடையில் ரொட்டியைக் கடிக்கப் போனேன். வாய் பாதிதான் திறந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். மாலைக்குள் கழுத்து மரமாகிவிட்டது. பாக் சாலே என் முகத்தைப் பார்த்தார். சிரிக்காமலே சிரிப்பதுபோல் உதடு இழுத்திருந்ததாம். அவர் குதிரையில் கண்டிருந்த முகம் அது. தவுக்கேயின் லாரியில் போட்டு ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால் முதலில் ஒன்று சொல்கிறேன்: சத்தம் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். என்னை ஜன்னல் மூடிய தனி அறையில் போட்டார்கள். வெளியே தட்டு விழுந்தால் என் முதுகு வில்லாக வளையும். கொசு காதருகில் வந்தால் வளையும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். அதுதான் பெரிய கொடுமை. கவலைப்படுவதற்கு அவ்வளவு நேரம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆகவே மெயில் தீனி எடுத்ததா என்று கவலைப்பட்டேன்.

வெள்ளைக்கார டாக்டர் சொல்வதை யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் (டாக்டருக்கு உதவியாக ஊசியும் மருந்தும் போடுகிறவர்) ஒருவர் காதருகே மெதுவாகச் சொல்வார். ஆஸ்பத்திரியில் சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர், அதில் விஷமுறிவு இருக்கிறது) போதிய அளவு இல்லை. தவுக்கே ஆள் அனுப்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வரச் செய்தார். ஊசியை எடுத்துக்கொண்டு டிரெஸ்ஸர் சொன்னார்:

“பயப்பிடாதையும். இது குதிரையின்ரை ரத்தத்திலை இருந்து எடுக்கிற மருந்து. நீர் குதிரையைப் பார்த்தீர், இப்ப குதிரை உம்மைப் பார்க்குது.”

தாடை பூட்டியிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் துடைத்துவிட்டுப் போனார்.

பிழைத்தேன். வாய் திறந்து கஞ்சி இறங்கிய பிறகு, இனி பயமில்லை என்று நினைத்த நேரத்தில் உடம்பெல்லாம் தடித்தது. காணாக்கடி (பூச்சி கடித்ததுபோல் தோல் திட்டுத் திட்டாகத் தடித்து அரிப்பது). மூட்டெல்லாம் வீங்கியது. காய்ச்சல். சீரம் போட்டவர்களில் சிலருக்கு இப்படி வரும், தானே போய்விடும் என்றார்கள். போய்விட்டது. உங்களுக்கு வந்தாலும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு.

லாயத்துக்குத் திரும்பிய அன்று நேரே மெயிலின் கொட்டடிக்குப் போனேன். அது தலையை என் தோளில் வைத்தது. நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அதன் பிடரியில் புதைத்தேன். முதலில் கண் அரித்தது. அழுகை என்று நினைத்தேன். பிறகு இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. தொண்டைக்குள் யாரோ கையை விட்டு முறுக்குவதுபோல் இருந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. விழுந்த என்னைப் பாக் சாலே இழுத்து வெளியே போட்டார். மெயில் கதவுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊசி. டிரெஸ்ஸர் இந்த முறை உட்கார்ந்து பேசினார். குதிரையின் சீரம் உள்ளே போய் என் உடம்பு குதிரையை எதிரியாகப் பார்க்கப் பழகிவிட்டது. இனி அதன் முடியும் தோல்தூளும் மூச்சில் போனாலே போதும்.

“உம்மடை உடம்புக்கு இனிக் குதிரை ஒத்துவராது. ஒருக்கா மூச்சு திரும்பினது. இன்னொருக்காத் திரும்புமெண்டு நான் சொல்லமாட்டன்.”

“தூரத்துல இருந்து பார்க்கலாங்களா?” என்று கேட்டேன்.

“காற்று எந்தப் பக்கமெண்டு பாத்துக்கொண்டு நில்லும்,” என்றார்.

இன்னொன்றும் சொன்னார், இதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முன்பு சீரம் போட்டதையும் இந்த மூச்சடைப்பையும் வாயைத் திறந்ததும் முதலில் சொல்லிவிடுங்கள்.

பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் வேலைக்குப் போய்விடு என்று பாக் சாலே சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் தவுக்கேயிடம் போனேன். சீரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர் கட்டியது எழுபது வெள்ளி (ஒரு வெள்ளிக்கு நூறு காசு). அதைத் தீர்க்காமல் போகமாட்டேன் என்றேன். கடன் தீரும்வரை புல் அறுத்துப் போடு, தீர்ந்தபின் இங்கே உனக்கு வேலை இல்லை என்றார். மாதம் ஐம்பது காசு பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் கிராணியைப் பார்த்தார், கிராணி என்னைப் பார்த்தார்.

நிலத்தின் கடைக்கோடியில் எனக்கு ஒரு குடிசை. புல்லை அறுத்து வேலியோரம் வைப்பேன். யாராவது வந்து எடுத்துப் போவார்கள். காற்று லாயத்துப் பக்கமிருந்து வீசினால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நாளெல்லாம் பேச ஆள் இருக்காது. சம்பள நாளில்தான் கிராணியைப் பார்ப்பேன்.

“கடனக்கூட குழந்த மாதிரி வளக்குறீங்களே அண்ணே,” என்பார் வேலாயுதம். “வேற யாராச்சும்னா ரெண்டு வருஷத்துல முடிச்சிட்டு ஊரப் பாக்கப் போயிருப்பான்லா.”

மெயிலின் முதல் குட்டி செத்துப் பிறந்தது. அதைக்கூட அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று வேலி வரை போய் நின்றேன். மெயில் தூரத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. ஆடு பக்கத்தில் இருந்தது. பரவாயில்லை, ஆடாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

அந்த வருடக் கடைசியில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். விடாமல் மழை பெய்யும்போது, தூசி முடி எல்லாம் அடங்கிவிடுகிறது. நனைந்துகொண்டே வேலிக்குப் பக்கத்தில் போனேன். மூக்கு லேசாக அரித்தது, அவ்வளவுதான். மெயில் என்னைப் பார்த்து மழையில் நடந்து வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். தொடவில்லை. ஒரு ஆள் நீளம் விட்டுத்தான் நின்றேன். எனக்குப் பயம் அதிகம்.

இரண்டாவது குட்டி ஈனும்போது நல்ல மழை, பகல் நேரம். மெயில் வலியோடு சுற்றிச் சுற்றி நடந்ததே தவிரப் படுக்கவில்லை. போன முறையும் இப்படித்தான் நடந்து நடந்து குட்டி போயிற்று என்று பாக் சாலே வேலியோரம் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். எதையாவது பேசு, உன் குரல் கேட்கட்டும் என்றார். என்ன பேசுவது? படகில் சொன்னதைத்தான் சொன்னேன்.

“கரை வந்துருச்சும்மா. இதோ வந்துருச்சு. கரை வந்துருச்சு.”

காதைத் திருப்பியது. அதே இடத்தில் முட்டி மடக்கிப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் சின்னக் குளம்புகள் இரண்டு வெளியே தெரிந்தன. நான் என்னை மறந்து வேலிக்குள் ஒரு காலை வைத்துவிட்டேன்.

“ஜாங்கான் டெக்காட்!” என்று பாக் சாலே கத்தினார். கிட்டே வராதே என்று. காலை எடுத்துக்கொண்டேன். அவரே குட்டியைத் துடைத்து, மூக்கை ஊதிவிட்டு, எனக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினார். பெண்குட்டி. உயிரோடு. அதற்கப்புறம் மெயில் இன்னும் இரண்டு ஈன்றது. எதையும் நான் தொட்டதில்லை.

அந்தப் பெண்குட்டி வளர்ந்து சிங்கப்பூரில் ஜெயித்தது. அதற்குள் பாலம் வந்துவிட்டது, படகு வேண்டியதில்லை. தவுக்கே எல்லோருக்கும் இனாம் கொடுத்தார். என்னையும் அழைத்து, உன் கணக்கை அடித்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே கட்டுகிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வெளியே வந்ததும் கிராணி, எனக்குப் பைத்தியம் என்று வாய்விட்டே சொன்னார்.

நோயிலிருந்து எழுந்தவர்கள் என்னைக் கேட்பதுண்டு, எப்போது பழையபடி ஆகும் என்று. எனக்கு ஆகவில்லை. உடம்பு என்னுடையது என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அதோடு ஒரே வீட்டில் குடியிருப்பதுபோல் இருக்கிறது. யாரை உள்ளே விடுவது என்று அது என்னைக் கேட்பதில்லை. காலமும் மாறிவிட்டது. முன்பு ஒரு பந்தயத்திலிருந்து அடுத்த பந்தயம் வரை நாள் ஓடும். இப்போது வருடத்தில் இரண்டே பகுதி. மெயிலின் பக்கம் நிற்கக்கூடிய மழை நாட்கள். மற்ற நாட்கள்.

மெயிலுக்கு வயதாகிவிட்டது. பிடரி நரைத்து, முதுகு குழிந்துவிட்டது. ரப்பர் விலை விழுந்து தவுக்கேயின் வருமானம் குறைந்ததிலிருந்து லாயத்தில் பாதிப் பேரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். என்னை அனுப்பவில்லை, என் கணக்கு முடியவில்லை.

ஆனால் எழுபது வெள்ளி எவ்வளவு மெதுவாகக் கட்டினாலும் குறையத்தான் செய்கிறது. இந்த மாதம் சம்பள நாளில் கிராணியிடம், இனி இருபத்தைந்து காசு மட்டும் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

“முடியப்போற நேரத்துல ஏன் அண்ணே...” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியே மெயில் நின்ற பக்கம் பார்த்தார். அதன் வயதைக் கேட்டார். சொன்னேன். பிறகு பேனாவை மையில் தோய்த்து எழுதினார்.

இருபத்தைந்து காசு கட்டியாகிவிட்டது. பாக்கி ஒன்பது வெள்ளி எழுபத்தைந்து காசு.