நாய்க்குக் கட்டிய கொடி

பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று நாள் கண்டிக்குப் போவதாகச் சொல்லி, அவர்களுடைய நாயை என் தலையில் கட்டிவிட்டார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஹட்டனில் சும்மா இருப்பவனுக்கு வேறு என்ன வேலை. எத்தனை மணிக்கு என்ன தீனி என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். எனக்கு மருந்து எழுதும் டாக்டர்கூட அவ்வளவு விளக்கமாக எழுதியதில்லை. நேற்று டவுனில் ஏதோ கட்சிக் கூட்டம். ஒலிபெருக்கி அலறத் தொடங்கியதும் நாய் இழுத்த இழுப்பில் கழுத்துப்பட்டி அறுந்துபோனது. என் மனைவி பழைய சேலையிலிருந்து நீளமாக ஒரு துண்டைக் கிழித்து நீட்டினாள். அதைப் பிடுங்கி முற்றத்தில் வீசினேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நான் அப்படி நடந்ததில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த மாஸ்டர். தங்குவதற்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு காம்பரா கொடுத்திருந்தார்கள். அடுத்த காம்பராவில் செல்லமுத்து, தோட்டத்தில் ஒரு சங்கத்தின் தலைவர். எதிர் லயம் முழுக்க மற்றச் சங்கம். யாருக்கு என்ன நிறக் கொடி என்று சொல்ல மாட்டேன். இரண்டு சங்கமும் இன்னும் இருக்கின்றன, எனக்கும் இன்னும் நாலு பல் மிச்சமிருக்கிறது.

செல்லமுத்துவின் நாய்க்கு டைகர் என்று பெயர். முந்திய வருஷம் மே தினத்துக்கு அது லொறியைத் துரத்திக்கொண்டு தலவாக்கலை வரைக்கும் ஓடி, மேடையிலும் ஏறிவிட்டது. அன்றைக்கு மேடையேறியவர்களில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். அதனால் இந்த முறை கட்டிப்போடுவது என்று முடிவானது. ஒரு சங்கத்து லொறியில் ஏறினால் மற்ற லயத்துக்காரன் பகை. ஆகவே மே தினத்தன்று நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு கிடந்தேன். செல்லமுத்துவின் மனைவி ராசம்மாக்கா டைகரை என் வாசல் திண்ணையில், இஸ்தோப்புத் தூணில் கட்டினார்.

"சும்மாதானே படுத்திருக்கீங்க மாஸ்டர், இதக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு லொறியேறினார்.

பத்து மணிக்குள் டைகர் கயிற்றைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. வேறு கயிறு கிடைக்கவில்லை. வேலியில் ஒரு நீளத் துணி தொங்கியது. எதிர்ச் சங்கத்தார் முதல்நாள் தோரணம் கட்டி மிஞ்சியது. முறுக்கினால் நல்ல உறுதி. அதை நாயின் கழுத்தில் கட்டித் தூணோடு முடிந்துவிட்டு, கெட்டிக்காரன்தான் என்று என்னையே மெச்சிக்கொண்டு தூங்கிப்போனேன். பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அந்த நிறம் கண்ணில் படவில்லை.

பொழுது சாயும் முன்பே எதிர்ச் சங்கத்து லொறி திரும்பிய சத்தத்தில் விழித்தேன். இறங்கியவர்களிடமிருந்து சாராய வாடை என் கதவு வரை வந்தது.

"நம்ம கொடிய நாய்க்குக் கட்டியிருக்கானுங்கடா" என்றான் ஒருவன்.

அவன் கத்தக்கூட இல்லை. கொடிக்கம்பை ஓங்கி டைகரின் மண்டையில் போட்டான். அது தூணைச் சுற்றிச் சுற்றி வந்தது. அறுத்துக்கொண்டு ஓட முடியாதபடி முடிச்சை நான் இறுக்கியிருந்தேன். இன்னும் நாலைந்து கம்புகள் சேர்ந்து விழுந்தன. எலும்பு உடையும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக் கொண்டியைப் பிடித்த கை அதைத் திறக்கவில்லை.

அடுத்து செல்லமுத்துவின் லொறி வந்தது. அவர் செத்த நாயைப் பார்த்தார், அதன் கழுத்திலிருந்த நிறத்தைப் பார்த்தார். எதிர்ச் சங்கத்தார் வேண்டுமென்றே தங்கள் கொடியைக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. வேறு எப்படிப் படும்? கல் பறந்தது, கூரைத் தகரம் கிழிந்தது, வீட்டுக்கு வீடு கவ்வாத்துக் கத்தி வெளியே வந்தது. முற்றிய தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் அறுக்கிற கத்தி அது. ஒருவன் வீசியதைச் செல்லமுத்து வலது கையை நீட்டித் தடுத்தார். மூன்று விரல்கள் வாசலில் தண்ணீர் ஓடும் கானில் விழுந்தன. ராசம்மாக்கா தண்ணீரில் துழாவி அவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினார். நான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பொலிஸ் வந்தது. சார்ஜனுக்குத் தமிழ் வராது. அங்கே ஒழுங்காகச் சிங்களம் பேசத் தெரிந்தவன் நான்தான். துணியைக் கட்டியது யார் என்று கேட்டார். எதிராளிகள்தான் என்றது ஒரு பக்கம். செல்லமுத்துதான் என்றது மறுபக்கம். இரண்டையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். என்னைக் கேட்டபோது, காய்ச்சலில் கண்ணயர்ந்துவிட்டேன், ஒன்றும் தெரியாது என்றேன். நம்பினார்கள். மாஸ்டர் பொய் சொல்வாரா? ஆறு பேரை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். செல்லமுத்து அதன் பிறகு கத்தி பிடிக்கவில்லை. சோற்றையும் இடது கையால்தான் தின்றார்.

அவர் இறந்து பல வருஷமாகிறது. வெட்டியவனும் போய்விட்டான். லயத்தை இடித்துவிட்டார்கள். கடந்த தேர்தலில் அந்த இரண்டு சங்கமும் ஒரே மேடையில் ஏறி ஒன்றுக்கொன்று மாலை போட்டுக்கொண்டன. நான் கீழே நின்று பார்த்தேன். அடுத்த வாரமே, இனியும் மறைக்கக் கூடாது என்று ராசம்மாக்காவைத் தேடிப் போனேன். தேத்தண்ணி கொடுத்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"அன்னைக்கு ரெண்டு பக்கமும் சேராம ஞாயமாப் பேசுனது நீங்க ஒருத்தர்தான் மாஸ்டர். அவரு சாகுறவரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் சட்டையைப் பிடித்து அறைய உரிமையுள்ளவர்கள் ஒருவரும் இப்போது அந்தத் தோட்டத்தில் இல்லை.