அகல மெத்தை

வெர்னன் டாக்கெட் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டியவன். வருடம் முழுக்கப் பிள்ளைகளையும் அவர்களுடைய மூட்டைகளையும் மலை ஏற்றி இறக்கினானே தவிர, தன் முதுகில் ஒரு தேக்கரண்டி கூடுதலாக ஏறுவதைப் பொறுக்க மாட்டான். அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிற நெடும்பாதை எங்கள் கடைவீதி வழியாகத்தான் போகிறது. அதை ஒரே மூச்சில் நடந்து முடிக்கிறவர்கள் உண்டு. எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்கள் வசந்தம் வந்தால் ஒரு வாரம் நடப்போம். மறு வருடம் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். நானும் வெர்னனும் முப்பது வருடத்துக்கு மேல் அப்படி நடந்தோம். என் பெயர் க்ளெல், தொழில் முடிவெட்டுவது. வெர்னன் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் இன்னும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பாதையில் யாரும் சொந்தப் பெயரில் நடப்பதில்லை. கூட நடப்பவர்கள் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு ‘பிஸ்கட்’. என் வயிற்றைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். அவனுக்குத் ‘தராசு’. பல் விளக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டுவான். தேநீர்ப் பையின் நூலைக் கத்தரிப்பான். வரைபடத்து ஓரத்தின் வெள்ளைக் காகிதத்தைக்கூட விட்டுவைக்க மாட்டான். கிளம்பும் காலையில் அவன் மனைவி லோரீன் சோளரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுப்பாள். பாதியை அங்கேயே நின்று தின்றுவிட்டுத்தான் பையைத் தூக்குவான். வயிற்றுக்குள் போனது பையின் கணக்கில் வராது என்பது அவன் சட்டம்.

படுக்கை விஷயத்தில்தான் அவனுக்குக் கிறுக்கு முற்றியது. அப்போதெல்லாம் எல்லோரிடமும் நீல நிற ஃபோம் பாய்தான். சுருட்டிப் பையின் மேல் கட்டிக்கொள்வோம். வெர்னன் தன் பாயைத் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி நாய்க்குப் போட்டுவிட்டான். காலுக்குக் காலிப் பையே போதுமாம். ஏப்ரல் மாதத்தில் மலைமேல் தரைக்குளிர் எலும்பு வரைக்கும் ஏறும். நடப்பவர்கள் தங்கப் பாதையோரம் கட்டிய மூன்று சுவர் மரக்கொட்டகையில் வரிசையாகப் படுத்திருக்கும் எங்களுக்கு நடுவில் அவன் மட்டும் இறால் மாதிரி சுருண்டு கிடப்பான். விடிந்ததும் முதல் ஆளாக எழுந்து எல்லோருக்கும் காபி போடுவான். ஈரக் கம்பளிச் சட்டைகளின் நாற்றமும் அந்தக் காபி மணமும் கலந்து வரும் காலைகளை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த மாதிரிக் காலைகள் இனி எனக்கு இல்லை.

லோரீன் எங்களோடு வருவதில்லை. அதற்கு ஒரு கதை உண்டு. தேவாலயத்து விருந்துகளில் அவளே அதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைப்பாள். கல்யாணமான புதிதில் வெர்னன் அவளைப் பாதைக்கு அழைத்துப் போனான். புது மனைவிக்குப் பரிசாக அவளுடைய பாயையும் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி வைத்திருந்தான். அளவு எடுத்தது தன் உடம்பை வைத்து. லோரீன் அவனைவிட நான்கு விரல் உயரம். மூன்றாம் நாள் காலை, மீன் பிடிக்க வந்த யாரோ ஒருவருடைய வண்டியில் ஏறி அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கதையின் இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். வெர்னனும் சிரிப்பான், காது மட்டும் சிவந்துவிடும். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடும் துணிச்சல் அவனுக்கு வரவே இல்லை. வா என்று ஒருதரமாவது கேளேன்டா என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் பாதி வழியில் அவள் திரும்பிப் போவதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றான்.

அவன் ஓய்வு பெற்ற வருடம் எங்களுக்குக் கடைசித் துண்டு மட்டும் மிச்சமிருந்தது. மெய்ன் காடுகள், அதைத் தாண்டிக் கட்டாடின். அந்தக் கோடையில் லோரீன் தானாகவே நானும் வருகிறேன் என்றாள். அதற்கு முந்தின வருடம்தான் அவளுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. என் படுக்கையை நான்தான் பார்த்து வாங்குவேன், நீ கத்தியைத் தொடக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வெர்னன் என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், முடி வெட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முதல் ராத்திரி அவள் தூங்கிவிட்டால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கட்டாடினைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் ஊரில் மலைநடைச் சாமான் விற்கிற கடையில் மெத்தைகளை ஊதித் தரையில் போட்டு வைத்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்க்கலாம். மூவரும் அங்கே போனோம். வெர்னன் வீட்டுச் சமையலறைத் தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தான். கடைப்பெண் டெஸ் முதலில் காட்டியது ஒரு காற்று மெத்தை. தராசில் வைத்ததும் வெர்னன் முகத்தில் குழந்தைச் சிரிப்பு. லோரீன் படுத்தாள். புரண்டால் சிப்ஸ் பொட்டலத்தைக் கசக்குகிற சத்தம் வந்தது. ஒருக்களித்தால் இடுப்பு தரையில் இடித்தது. அடுத்ததில் சத்தம் இல்லை, ஆனால் முழங்கை வெளியே விழுந்தது. அதற்கடுத்தது அவளுடைய கணுக்காலோடு நின்றுவிட்டது. வெர்னன் சட்டென்று கூரையைப் பார்த்தான்.

மூலையில் கட்டில் அகலத்துக்கு ஒன்று கிடந்தது. இரண்டு பேர் படுக்கிற மெத்தை. லோரீன் அதன் ஒரு ஓரத்தில் ஏறிப் படுத்து, ஒருக்களித்து, கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். வெர்னன் அதே மாதிரி சுருட்டி வைத்திருந்த இன்னொன்றைத் தூக்கித் தராசில் வைத்தான்.

“லோரீன், இது செங்கல்லு.”

“இந்தப் பக்கம் எனக்கு. அந்தப் பக்கம் உனக்கு.”

“எனக்குத்தான் பாய் இருக்கே.”

“அது பாயில்ல வெர்னன், கால்மிதி.” அவள் எழுந்திருக்கவில்லை. “வசந்தம் வந்தா நீ பாட்டுக்கு அதைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடுவே. நான் அந்தப் பெரிய கட்டில்ல தனியாக் கிடப்பேன். முப்பது வருஷம். அந்தக் கனத்தை என்னிக்காவது உன் தராசுல வச்சுப் பாத்தியா?”

டெஸ் ஏற்கெனவே மடித்திருந்த காலுறைகளை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். நான் ஒரு அடுப்பின் விலையை மூன்று முறை படித்தேன். வெர்னன் தராசைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தன் பாயை வீட்டிலேயே விட்டுவிட்டால் அந்த எடை கழியும் என்று, தானே கண்டுபிடித்தது மாதிரி சொன்னான்.

மெய்ன் காட்டில் அந்தச் செங்கல்லை அவன்தான் சுமந்தான், ஒருமுறைகூட முனகவில்லை. கொட்டகையில் அவ்வளவு அகலத்தைப் பிடித்தால் மற்றவர்கள் திட்டுவார்கள் என்று அவர்கள் வெளியே கூடாரம் அடித்தார்கள். முதல் காலை வெர்னன் காபி கலந்த பிறகும் கரண்டியை நிறுத்தவில்லை. கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். லோரீன் தலைமுடி குருவிக்கூடாக வெளியே வந்தாள். காபியை வாங்கிக்கொண்டு, இன்னிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாள். வெர்னன் அடுப்பை அணைத்தான். அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

அந்த நடை மாதிரி ஒன்று எங்களுக்கு அதற்கு முன்னால் வாய்க்கவில்லை. வழியெல்லாம் அவுரிநெல்லிப் பழம். லோரீன் நின்று நின்று பறித்தாள், நாக்கு நீலமானது. தராசு என்று பெயர் பெற்றவன் அவளுக்காக ஒரு டப்பா நிறையப் பழம் சுமந்தான். சாயங்காலங்களில் கூடாரத்துக்குள் அவர்கள் எதற்கோ சிரிப்பார்கள். நான் பொறாமைப்பட்டேன், மறைப்பானேன்.

மலைக்கு இரண்டு நாள் நடை இருக்கும்போது லோரீனின் முழங்கால் வீங்கிவிட்டது. மரம் ஏற்றும் லாரிகள் போகிற மண் சாலை வரைக்கும் எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டு வந்தாள். சாலையோரத்து ஏரிக்கு அந்தப் பக்கம் கட்டாடின் முழுசாகத் தெரிந்தது. லாரிக்காரர் ஒருவர் அவளை ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

“நீ போய் முடிச்சுட்டு வா, வெர்னன்,” என்றாள் லோரீன். “இந்தத் தடவை நான் கோவிச்சுக்கிட்டுப் போகல. காலுதான் போகச் சொல்லுது.”

வெர்னன் மெத்தையைப் பையிலிருந்து உருவி, ஒரு கையில் தூக்கிப் பார்த்தான்.

“ஒரு ஆளுக்கு இது ரொம்பக் கனம்டா,” என்றான் என்னிடம்.

அவன் முப்பது வருடம் நடந்ததெல்லாம் அந்த மலைக்காக. எனக்குப் பதறியது. “அதை லாரியில போட்டுட்டு என் பாயை நீ எடுத்துக்க. நான் லோரீன் கூடப் போறேன்.”

“உன் பாய்ல எனக்குத் தூக்கம் வராது, க்ளெல்.” மலையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டான். “இந்தத் தடவைதான்டா நான் பாதையில தூங்கவே தூங்கினேன்.”

லோரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளை லாரியில் ஏற்றிவிட்டு, மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

நான் இரண்டு நாளும் அவனைத் திட்டிக்கொண்டே தனியாக நடந்தேன். உச்சியில் எல்லோரும் தொடுகிற அந்த மரப்பலகையைத் தொட்டபோது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முடித்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.